பாக்கி ஆட்டம்

நல்ல மனுசங்கன்னு இப்ப யாரைச் சொன்னீங்க சார்? டிவில காட்டுறானே, அந்த ஃபுட்பால்காரனுங்களையா?

இல்ல, புரியாமத்தான் கேக்குறேன். ஒருத்தன் மைதானத்துல மயங்கி விழுந்துட்டான். அவனைத் தூக்கிட்டுப் போயாச்சு. மத்தவனெல்லாம் வட்டமா நின்னு கண்ணைக் கசக்குறான். ஆட்டத்தை நிறுத்தியாச்சு. உடனே நீங்க உச்சுக் கொட்டி, நல்ல மனுசங்கன்னு சர்டிபிகேட் குடுத்துட்டீங்க. இந்த ஹால்ல உக்காந்திருக்கிற அத்தனை பேரும் தலையாட்டுறாங்க. விழுந்தவனை யாராச்சும் கேட்டீங்களா? அவன் என்ன சொல்வான்னு யோசிச்சீங்களா?

நான் சொல்றேன். நான் விழுந்தவன்.

என்ன அப்படிப் பாக்குறீங்க? இந்தா, சட்டைக்கு உள்ள மேடு தெரியுதா? மிசினு. இதயம் தப்பாத் துடிச்சா உள்ளயே ஷாக் குடுத்துச் சரி பண்ணும். அதைச் செக் பண்ணத்தான் வந்திருக்கேன். என் டோக்கன் வர நேரமாகும், உங்க அப்பாவும் எக்கோ ரூமுக்குள்ள இப்பத்தான் போனாரு. உக்காருங்க. எந்திரிச்சுப் போகாதீங்க. பேச்சை ஆரம்பிச்சது நீங்கதானே.

என் பேரு திருமேனி. ஊரு பேராவூரணிப் பக்கம் செங்கமேடு. கபடி பாத்திருப்பீங்க. கபடி கபடின்னு மூச்சு விடாம சொல்லிக்கிட்டே எதிராளி கட்டத்துக்குள்ள போகணும். அதுக்கு எங்க பக்கம் பாட்டுன்னு பேரு. பாட்டு நின்னா அவுட். போய் ஒருத்தனைத் தொட்டுட்டு, அவனுங்க பிடிக்குள்ள மாட்டாம நடுக்கோட்டுக்குத் திரும்பி வரணும். எங்க டீம்ல பாடிப் போறதுக்கு மூணு பேரு. ஆனா நான் எந்திரிச்சாத்தான் சனம் எந்திரிக்கும். பெருமைக்குச் சொல்லல. வேணும்னா போய் விசாரிச்சுக்கங்க.

எங்க கேப்டன் அடைக்கலம். அந்தப் பேரை இந்த வாயால சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். நீங்க கிளப்பி விட்டுட்டீங்க.

ஆறு வருசம் ஆச்சு. சித்திரை மாசம், மூணு நாள் டோர்னமென்ட். எங்களுக்கும் காட்டாவூருக்கும் ஃபைனல். காட்டாவூர்க்காரனுங்க எப்படின்னா, பிடிச்சா உடும்புப் பிடி. அஞ்சு வருசமா எங்களைக் கப்பு பக்கமே அண்ட விடல. அன்னிக்கு நாங்க நாலு பாயின்ட் முன்னாடி இருக்கோம். ஆட்டம் முடிய எட்டு நிமிசம். சென்னையில இருந்து ஒரு டிபார்ட்மென்ட் டீமுக்கு ஆள் பாக்க ஒரு கோச் வேற வந்து, முதல் வரிசையில சேர் போட்டு உக்காந்திருக்காரு. எங்கள்ல நாலு பேரையாவது எடுப்பாருன்னு பேச்சு. அதுல என் பேரு முதல்ல.

நான் பாடிப் போனேன். கார்னர்ல நின்னவனைக் காலால தொட்டேன், திரும்புறப்ப இன்னொருத்தன் தோள்ல விரல் பட்டுச்சு. ரெண்டு பேரு அவுட். கோட்டைத் தொட்டேன் சார், லீடிங் ஆறாச்சு. தொட்டுட்டுத்தான் விழுந்தேன். சில பேரு தொடுறதுக்கு முன்னாடியே விழுந்துட்டேன்னு இன்னமும் சொல்லிட்டுத் திரியுறானுங்க. பொறாமை.

அதுக்கப்புறம் நடந்தது மத்தவங்க சொல்லித்தான் தெரியும். இதயம் நின்னு போச்சாம். காட்டாவூர் டீம்ல ஒருத்தன் ஆம்புலன்ஸ்ல வேலை பாக்குறவன். அவன்தான் ஓடி வந்து நெஞ்சுல அமுக்கிக்கிட்டே இருந்திருக்கான். அமுக்கி அமுக்கி ரெண்டு விலா எலும்பை உடைச்சுட்டான். ஆட்டத்துல பிடிச்சப்பயும் அவன் முரட்டுப் பிடிதான். ஆம்புலன்ஸ் வந்து, ஷாக் குடுத்து, என்னையும் துணைக்கு என் மச்சினனையும் ஏத்திக்கிட்டுக் கிளம்பிருச்சு. சனத்துல பாதி வண்டிக்குப் பின்னாடியே ஓடிருச்சு.

சரி. ஆள் போயாச்சு. இனிமே அவனைப் பாத்துக்க டாக்டர் இருக்காரு. மிச்சம் ஆறு பேரு நிக்கிறான், பெஞ்சுல ஆள் இருக்கு. எட்டு நிமிசம். என்ன செய்யணும்? ஆடணும். அதானே நியாயம்?

ஒரு கல்யாண வீட்டுல பரிமாறுறவன் மயங்கி விழுந்துட்டா பந்தியை நிறுத்திருவாங்களா? இன்னொருத்தன் வாளியைத் தூக்குறதில்ல? பஸ்ல ஒருத்தனுக்கு நெஞ்சு வலின்னா... என்ன, பஸ்ஸை ஆஸ்பத்திரிக்குத் திருப்புவாங்கன்னு சொல்ல வர்றீங்களா? சரி, பஸ்ஸை விடுங்க. அது வேற.

நான் கண்ணு முழிச்சது மறுநாள் மத்தியானம். மூக்குல குழாய், கையில ஊசி. எதிர்ல அடைக்கலம் நிக்கிறான். அதே ஜெர்சி, முட்டியெல்லாம் மண்ணு. பின்னாடி கதவுக் கண்ணாடியில மத்தவனுங்க மூஞ்சி.

நான் கேட்டேன், "ஜெயிச்சாச்சா?"

அவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "பொழைச்சுட்டடா திருமேனி"ங்கிறான்.

"அதைக் கேக்கல. கப்பு எங்க?"

"காட்டாவூருக்குக் குடுத்துட்டாங்க. நான்தான் ஆட்டம் வேணாம்னு கையைத் தூக்கிட்டேன்."

"எவன்டா உன்னைத் தூக்கச் சொன்னது?"

 தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறான். எனக்கு எந்திரிச்சு ஒரு அறை விடணும்னு இருந்துச்சு. விலா எலும்பு உடைஞ்ச வலியில கையைத் தூக்க முடியல. "வெளிய போடா"ன்னு மட்டும் சொன்னேன். அதுதான் அவன்கிட்ட நான் கடைசியாப் பேசினது. அப்புறம் ஆறு வருசம் ஒரு வார்த்தை இல்ல.

டாக்டர் சொல்லிட்டாரு, இதயத் தசை தடிச்சிருக்கு, பிறவியிலயே உள்ளது, இனிமே ஓடக் கூடாது, ஆடக் கூடாதுன்னு. இருபத்து நாலு வயசு சார் எனக்கு. அப்ப அந்த ஆட்டம்தான் என் கடைசி ஆட்டம். அந்த ரெண்டு பாயின்ட்தான் என் கடைசி பாயின்ட். கடைசி ஆட்டத்துல ஜெயிச்சவன்னு பேரு வாங்க வேண்டியவன், பாதியில கைவிட்ட ஆட்டத்துல விழுந்தவன்னு ஆகிட்டேன். இதுல யாருக்கு நல்லது பண்ணானுங்க? எனக்கா?

பேப்பர்ல போட்டான் பாருங்க. கோப்பையை விட நட்பே பெரிதுன்னு கொட்டை எழுத்துல, அடைக்கலம் போட்டோவோட. என் பேரு உள்ள, எழுத்துப் பிழையோட. ஒரு ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு அவனைக் கூப்பிட்டுச் சால்வை போட்டாங்க. என்னையும் கூப்பிட்டாங்க, பொழைச்சவன் எப்படி இருக்கான்னு காட்ட. போனேன். இவன் என்னதான் பேசுறான்னு பாக்கத்தான் போனேன். மைக்கைக் கையில வாங்கிக்கிட்டு ஒண்ணுமே பேசல சார். "எல்லாரும் நல்லாப் படிங்க"ன்னு சொல்லிட்டு இறங்கிட்டான். பெரிய அடக்கம். பேரு வாங்குறவனுக்கு அடக்கமும் ஒரு வேசம்.

டிபார்ட்மென்ட் வேலை? போச்சு. அந்தக் கோச் அடைக்கலத்தையும் சேசுராஜையும் எடுக்கிறதா இருந்தாராம். பாதியில கைவிட்ட டீமுன்னு பேசாமப் போயிட்டாரு. சேசுராஜ் எங்க இன்னொரு பாட்டுக்காரன், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிட்டான். அடைக்கலம் இப்ப லோடு வண்டி ஓட்டுறான். நான் வருத்தப்படல. தானா வாரி விட்டுக்கிட்டது.

ஒவ்வொரு செக்கப்புக்கும் வண்டியை எடுத்துட்டு வாசல்ல வந்து நிப்பான். கூட்டிட்டுப் போறேன்னு. நான் பஸ்ல போவேன். அவன் வண்டி பஸ்ஸுக்குப் பின்னாடியே தஞ்சாவூர் வரைக்கும் வரும். அவனுக்குத் தஞ்சாவூர்ல ஏதாச்சும் சோலி இருக்கும் போல, எனக்கென்ன. என் வீட்டுக்காரி மலர்க்கொடி இருக்காளே, அவ வாசலுக்கே டம்ளரைக் கொண்டு போய் அவனுக்கு டீ குடுப்பா. "உள்ளயே கூப்பிட்டு உக்கார வச்சுச் சோறு போடேன்"னு ஒருதடவை கத்தினேன். உடனே சோறும் போட்டா. நான் சொன்ன தொனி அவளுக்குப் புரியல.

இப்படியே ஆறு வருசம். போன மாசி மாசம் சேசுராஜ் லீவுல வந்தான். நேரா என் வீட்டுக்குத்தான் வந்தான். கையில சாக்லேட் டப்பா, தலையில பாதி முடி காணோம். நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தோம். அடைக்கலம் பேச்சு வந்துச்சு. நான் வழக்கம் போல ஆரம்பிச்சேன். சுயநலக்காரன், பேருக்கு அலையுறவன், என் கடைசி ஆட்டத்தை வித்துட்டு சால்வை வாங்குனவன்...

"போதும் நிறுத்துடா"ன்னான் சேசுராஜ்.

"ஏன்டா, குத்துதா?"

"நாங்க ஆட்டத்தை நிறுத்தல. ஆடினோம்."

எனக்கு ஒண்ணும் புரியல. "என்னடா உளர்ற?"

அவன் எந்திரிச்சுப் போய் வாசல்ல நின்னுக்கிட்டான். என் மூஞ்சியைப் பாக்காமயே சொன்னான். ஆம்புலன்ஸ் போனதும் அடைக்கலம் எல்லாரையும் கூப்பிட்டு, "கப்பு இல்லாம அவன் முன்னாடி போய் நின்னா நம்மளைக் கொன்னே போட்டுருவான். வாங்கடா, முடிச்சுட்டுப் போவோம்"னு சொல்லியிருக்கான். அதானே சார் நான் இத்தனை நாளாக் கேட்டது? எல்லாரும் இறங்கியிருக்கானுங்க. முதல்ல சேசுராஜ் பாடப் போயிருக்கான். நடுக்கோட்டைத் தாண்டி காலை வச்சதும் பாட்டு வரல.

"வாயைத் திறக்குறேன்டா. கா கூட வரல. தொண்டையில யாரோ மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி. நீ விழுந்த எடம் அங்கயே இருக்கு, உன் கை பதிஞ்ச தடம் அங்கயே இருக்கு. நான் அதை மிதிச்சுட்டுத்தான் உள்ள போகணும்."

விசில் அடிச்சாச்சு. அவுட். அடுத்து இன்னொருத்தன் போனான். ரெண்டு தடவை கபடின்னு சொன்னான், மூணாவது தடவை அழுகையா வந்திருச்சு. அவனும் அவுட். காட்டாவூர்க்காரனுங்க பிடிக்கக்கூட வரலையாம், கையைக் கட்டிக்கிட்டு நின்னானுங்களாம்.

அப்புறம் அடைக்கலமே போயிருக்கான். அவன் பிடிக்கிறவன் சார், பாடுறவனே இல்ல. கபடி கபடின்னு சத்தமா ஆரம்பிச்சிருக்கான். நாலு எட்டு வச்சதும் பாட்டு மாறிருச்சு. திருமேனி திருமேனி திருமேனின்னு சொல்லிக்கிட்டே கட்டத்துக்குள்ள சுத்துறானாம். அவன் என்ன சொல்றான்னு அவனுக்கே தெரியல. அம்பயரு விசிலை வாயில வச்சவரு ஊதவே இல்லையாம். அடைக்கலந்தான் கொஞ்ச நேரம் கழிச்சு நின்னு, சுத்திப் பாத்துட்டு, கையைத் தூக்கி, முடியலன்னு சொல்லியிருக்கான்.

என்ன சார், கண்ணைத் துடைக்கிறீங்க? உங்களுக்கும் வந்திருச்சா? கேளுங்க. பாட்டுல கபடியைத் தவிர வேற வார்த்தை சொன்னா அவுட். அது ரூல். அஞ்சாப்பு படிக்கிற பயலுக்குத் தெரியும். என் பேரைச் சொன்னா பாயின்ட் குடுப்பாங்களா? பாட்டு வரலன்னா என்ன அர்த்தம்? மூச்சுப் பயிற்சி பத்தலன்னு அர்த்தம். தினமும் விடியக்காலையில குளத்தைச் சுத்தி ஓட வாங்கடான்னா எவன் வந்தான்?

இதைத்தான் சேசுராஜ்கிட்டயும் கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, "இதுக்குத்தான்டா உங்கிட்ட யாரும் சொல்லல"ன்னான். "என்னாலதான் தோத்துச்சுன்னு தெரிஞ்சா நீ என்னை வாழவிட மாட்டேன்னு, திட்டுனா கேப்டனைத் திட்டட்டும்னு அடைக்கலம் எங்க வாயைக் கட்டிப் போட்டுட்டான். ஆறு வருசமா நீ அவனைத் திட்டுறதை போன்ல கேட்டுக் கேட்டு எனக்குச் சோறு இறங்கல."

உள்ள திரும்பிப் பாத்தா மலர்க்கொடி அரிசியைப் புடைச்சுக்கிட்டு நிக்கிறா. அவளுக்கும் தெரிஞ்சிருக்கு! "சொல்ல வந்தப்பல்லாம் நீங்க கேட்டாத்தானே"ங்கிறா.

நான் சட்டையை மாட்டிக்கிட்டு நேரா அடைக்கலம் வீட்டுக்குப் போனேன். வண்டியைக் கழுவிக்கிட்டு இருந்தான். என்னைப் பாத்ததும் கையில இருந்த ஹோஸை அப்படியே போட்டுட்டான். தண்ணி அது பாட்டுக்கு ஓடுது.

"ஆடினீங்களாமே?"ன்னேன்.

"ஆமா."

"தோத்தீங்களாமே?"

"தோக்கல. மூணு பாயின்ட் முன்னாடிதான் இருந்தோம். ஆட முடியல."

"அதை ஏன்டா அன்னிக்கே சொல்லல?"

"வெளிய போடான்னுட்ட. எங்க போய்ச் சொல்றது?"

தண்ணியை நிறுத்துடான்னேன். நிறுத்தினான். அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. "பாக்கி எட்டு நிமிசம் இருக்குல்ல, அதை ஆடுங்கடா. இப்ப. சேசுராஜ் இருக்கான். எல்லாரையும் கூப்பிடு. நான் காட்டாவூருக்குப் போறேன்"னேன்.

பைத்தியம்னுதான் நினைச்சிருப்பான். ஆனா அவன் மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே. சின்னப் பிள்ளைக்கு மிட்டாய் காட்டுன மாதிரி.

காட்டாவூர்க்காரனுங்க உடனே ஒத்துக்கிட்டானுங்க. அந்த நெஞ்சை அமுக்குனவன் என்னைப் பாத்து, "எலும்பு கூடிருச்சாண்ணே?"ன்னு கேக்குறான். திமிரு. ஒரே ஒரு சண்டைதான் வந்துச்சு. நான் விழுந்தப்ப ஆறு பாயின்ட் லீடிங், அதுல இருந்து ஆரம்பிக்கணும்னேன். அவனுங்க, அப்புறம் போன மூணு பாயின்ட் எங்களுக்குச் சேரணும்னானுங்க. வாய்ச் சண்டை முத்திப் போய், கடைசியில அவனுங்களே விட்டுக் குடுத்தானுங்க. நெஞ்சு நோயாளியோட மல்லுக்கட்ட வேணாம்னு ஒருத்தன் சொன்னான். எனக்குக் கோவந்தான். ஆனா மூணு பாயின்ட் கிடைச்சுதேன்னு விட்டுட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில, அதே கிரவுண்டு. பாதிப் பேருக்குத் தொப்பை. ஒருத்தனுக்குக் கண்ணாடி. ஜெர்சி இடுப்பைத் தாண்டி இறங்க மாட்டேங்குது. நான் கோட்டுக்கு வெளிய சேர் போட்டு உக்காந்துக்கிட்டேன். என் எடத்துல ஆள் போட வேணாம், ஆறு பேரு ஆடுங்கன்னு சொல்லிட்டேன்.

சேசுராஜ் முதல்ல போனான். நடுக்கோட்டுல நின்னு என்னைப் பாத்தான். "என் மூஞ்சியில என்னடா இருக்கு, பாடுறா!"ன்னு கத்தினேன். பாட்டு வந்துச்சு சார். கணீர்னு வந்துச்சு. கிரவுண்டே அதிருது. ஒருத்தனைத் தொட்டுட்டு வந்தான்.

அப்புறம் காட்டாவூர்க்காரனுங்க ஒண்ணொண்ணா எடுத்தானுங்க. நான் கத்துன கத்துல தொண்டை கட்டிருச்சு. காலைப் பிடிக்கச் சொன்னா இடுப்பைப் பிடிக்கிறானுங்க. ஏழு பாயின்ட் லீடிங் ரெண்டாச்சு, ரெண்டு ஒண்ணாச்சு. ஒரே ஒரு பாயின்ட் முன்னாடி இருக்கோம், கடைசி நிமிசம். காட்டாவூர்ல இருந்து பெரிய பாட்டுக்காரன் வர்றான். இவனைப் பிடிச்சா முடிஞ்சு போச்சு. கப்பு இல்லாட்டியும் ஆட்டம் எங்களுது. அடைக்கலம் பாய்ஞ்சான் பாருங்க, ரெண்டு காலையும் சேத்து அணைச்சுக் கட்டிட்டான். அதுதான் பிடி. அந்த மாதிரிப் பிடியை நான் பாத்ததே இல்ல. ரெண்டு பேரும் கீழ விழுந்தானுங்க. அவன் கோட்டுக்குக் கையை நீட்டுறான், எட்டல. பாட்டு இன்னும் ஓடுது, மூச்சு இன்னும் நிக்கல. இன்னும் ரெண்டே ரெண்டு வினாடி.

அப்ப அடைக்கலம் "அம்மா"ன்னான்.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மண்ணுல மூஞ்சி கவுந்து கிடக்குறான், முதுகு அசையல. நான் எப்ப எந்திரிச்சேன், எப்ப ஓடுனேன்னு தெரியாது. ஓடக் கூடாது எனக்கு. "நிறுத்துங்கடா! ஆட்டத்தை நிறுத்துங்கடா! தண்ணி கொண்டாங்கடா!"ன்னு கத்திக்கிட்டே கட்டத்துக்கு நடுவுல பாய்ஞ்சு, அவனைப் புரட்டி, அவன் தலையை மடியில எடுத்து வச்சுக்கிட்டேன். நெஞ்சுல காதை வச்சுப் பாத்தேன். என் மிசினு உள்ள பீப் பீப்னு கத்துது.

கண்ணைத் திறந்தான். "என்னடா பண்ற?"ங்கிறான்.

"பேசாத. மூச்சை விடு. ஆம்புலன்ஸ் வருது."

"தோள்பட்டை பிசகிருச்சுடா. அவ்வளவுதான். அவன் எங்க? விட்டுட்டேனா?"

விட்டுட்டான். நான் வந்து விழுந்ததுல பிடி நழுவி, அந்தக் காட்டாவூர்க்காரன் ஊர்ந்து போய்க் கோட்டைத் தொட்டுட்டான். அவனைத் தொட்டுக்கிட்டு இருந்த அடைக்கலமும், என் காலி எடத்தைக் கணக்கு வச்சு நானும் அவுட். ரெண்டு பாயின்ட். தோத்துட்டோம்.

இல்ல, தோத்தோம்னு நான் ஒத்துக்கல. வெளி ஆள் உள்ள வந்தா அந்த ரெய்டே செல்லாது. நான் அம்பயர்கிட்ட வாதாடுனேன். எவனும் காதுல வாங்கல.

அடைக்கலம் எந்திரிச்சு உக்காந்து, ஒரு கையால தோளைப் பிடிச்சுக்கிட்டு, என்னைப் பாத்துக் கத்துறான் சார். ஆறு வருசமா வாயைத் திறக்காதவன், ஊரே கேக்குற மாதிரி கத்துறான். "எவன்டா உன்னை நிறுத்தச் சொன்னது? பிடிச்சுட்டேன்டா! ஜெயிச்சுட்டோம்டா! ஆறு வருசம் திட்டு வாங்குனேனே, இதுக்காடா? போடா, என் கண்ணு முன்னாடி நிக்காத!"

அன்னியிலருந்து எங்கிட்ட பேசுறதில்ல. ரெண்டு மாசமாச்சு. இன்னிக்குக் காலையில வாசல்ல வந்து நின்ன அவன் வண்டியில நானே ஏறி முன்னாடி சீட்டுல உக்காந்தேன். வழி முழுக்க ஒரு வார்த்தை இல்ல. ரோட்டைப் பாத்துக்கிட்டே ஓட்டுறான், தோள்ல இன்னும் கட்டு. டீக்கடையில நிறுத்தி எனக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டு, தள்ளிப் போய் நின்னு குடிக்கிறான். அவ்வளவு ரோசம்.

நீங்களே சொல்லுங்க சார். இதுல என் மேல என்ன தப்பு? மனுசன் மூஞ்சி கவுந்து மண்ணுல கிடக்குறான். செத்தானா பொழைச்சானா தெரியாது. அந்த நேரத்துல பாயின்டா பெருசு, ஆட்டமா பெருசு? கல்லு நெஞ்சுக்காரன்கூட ஓடி வர மாட்டானா?

என்ன சிரிக்கிறீங்க? சிரிக்காதீங்க சார். சிரிக்கிற விசயமா இது?